அரத்தைத் தின்ற உப்புத் தண்ணீர்

நாற்பது பேருக்கு, வாரத்துக்கு நான்கு மணி நேரம், நான் கண்ணால் பார்த்தேயிராத மெஷின்களைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பெரிய தைரியத்தோடு. தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலிக்கு வெளியே ஒரு பொட்டல் காட்டில் புதிதாக முளைத்திருந்த பொறியியல் கல்லூரி அது. மெக்கானிக்கல் துறையில் நான் ஒருத்திதான் பெண். எம்.இ. முடித்த கையோடு வேலைக்கு வந்திருந்தேன். வயது இருபத்து நான்கு, வாய் அதற்கு இரண்டு மடங்கு.

பாடத்தின் பெயர் நவீன உற்பத்தி முறைகள். கடைசி வருஷப் பையன்களுக்கு விருப்பப் பாடம். மின்பொறியை வைத்து இரும்பை அரிப்பது, உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்டு எஃகைக் கரைப்பது, காதுக்கு எட்டாத ஒலியால் கண்ணாடியில் துளை போடுவது, லேசர் என்று நான்கு பகுதிகள். கெட்டியான உலோகத்தை வெட்ட அதைவிடக் கெட்டியான ஆயுதம் வேண்டும் என்றுதான் எல்லோரும் படித்திருப்போம். இந்த முறைகளில் அந்தச் சட்டம் கிடையாது. தொடாமலேயே வெட்டலாம். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. விடுதி வராந்தாவில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அந்த மயக்கம் தெளியாமலேயே வாத்தியாராகிவிட்டேன், அவ்வளவுதான்.

ஆனால் கல்லூரியில் இருந்தது நாலு லேத்து, இரண்டு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், ஒரு வெல்டிங் செட். பாடப்புத்தகத்துக்கு ஜெராக்ஸின் ஜெராக்ஸ் ஒன்று இருந்தது. அதில் மெஷின் படங்களெல்லாம் கரிச்சட்டியின் அடி போல இருக்கும். எனவே போர்டில் நானே ஊகமாக வரைந்தேன். நான் வரைந்த மின்பொறி மெஷின் எங்கள் வீட்டு மாவாட்டும் கிரைண்டரைப் போலவே இருந்தது. நாற்பது பேரும் பயபக்தியோடு அந்தக் கிரைண்டரை நோட்டில் வரைந்துகொண்டார்கள்.

வினை ஒரு கேள்வியில் வந்தது. முதல் பெஞ்சில் ஏரலிலிருந்து வரும் பையன் ஒருவன் எழுந்தான்.

"மேடம், இந்த மெஷின் எம்புட்டு பெருசு இருக்கும்?"

"பீரோ அளவு இருக்கும்," என்றேன், கண் இமைக்காமல்.

அடுத்த வாரம் வேறு ஏதோ சொல்லும்போது, அந்த மெஷின் தையல் மெஷின் அளவுதான் இருக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சில் இருந்த வள்ளியூர்க்காரன் விடவில்லை. அவன் நோட்டில் நான் சொன்னதெல்லாம் தேதி வாரியாக இருக்கும்.

"போன வாரம் பீரோன்னு சொன்னிய மேடம். இன்னைக்கி தையல் மெஷினுங்கிய."

"அது பெரிய மாடல். இது சின்ன மாடல். உக்காருலே."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வராந்தாவில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார். அவர் எங்கள் துறைத் தலைவர், ஹெச்.ஓ.டி.

அவர் நல்ல மனிதர்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தேகப் பிராணி. அதற்குக் காரணமும் உண்டு. போன வருஷம் ஒர்க்ஷாப் பரீட்சையில் ஒரு பையன், டவுனில் கடைசல் பட்டறையில் செய்து வாங்கிய சாமானைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து, தான் செய்ததாகக் கொடுத்து முழு மார்க் வாங்கியிருந்தான். அதிலிருந்து அவர் யாரையும் நம்புவதில்லை. அவர் எடுக்கும் பாடம் தொழில் நிர்வாகம். வரி வரியாகச் சொல்வார், "கமா போட்டுக்கோங்க" என்பதையும் சேர்த்து. அந்த வகுப்பில் மின்விசிறி கூட அசதியாகத்தான் சுற்றும்.

அன்று சாயங்காலம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீங்க இந்த மெஷின எங்கயாவது பாத்திருக்கியளா?"

"படத்துல பாத்திருக்கேன் சார்."

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகுமாம்மா? நாளைக்கி இந்தப் பயலுவ இன்டர்வியூவுக்குப் போயி, பீரோ அளவுன்னு சொல்லிட்டு வரட்டுமா? யுனிவர்சிட்டிக்குப் பாடத்த எழுதி அனுப்ப இன்னும் நாள் இருக்கு. மாத்திருவோம். நானே மேனேஜ்மெண்ட் எடுக்கேன்."

எனக்குக் கோபம் வந்தால் காது முதலில் சூடாகும். இரண்டு காதும் தகித்தன. துறைக் கூட்டத்தில் ஒற்றை ஆளாக நின்று சண்டை போட்டு வாங்கிய பாடம் இது. போய்விட்டால், முதல் வருஷத்துக்கு டிராயிங் ஷீட் திருத்துகிற வேலைதான் எனக்கு மிஞ்சும். அதுகூடப் பரவாயில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு மெக்கானிக்கல் எதற்கு என்று எங்கள் சொந்தத்தில் கேட்டவர்கள் எல்லோருக்கும் பதில் கிடைத்த மாதிரி ஆகிவிடும். இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தை, நாற்பது பேர் முன்னால் பொய்க்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு விட முடியுமா?

"செஞ்சு காட்டுதேன் சார்," என்றது என் வாய், என்னைக் கேட்காமலே.

"எத?"

"உப்புத் தண்ணிய வச்சு எஃகுல குழி போட்டுக் காட்டுதேன். தொடாம."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோட்டி பிடித்துவிட்டதா என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது.

"சரி. ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வாற திங்கக்கெழம. அரத்துண்டு நான் தாரேன். ஒரு குழி போதும். விழலன்னா, செவ்வாக்கெழமைலருந்து உங்க கிளாஸ் எனக்கு."

வெளியே வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. அரம் என்பது மற்ற இரும்பையெல்லாம் ராவுகிற ஆயுதம். அதில் குழி என்றால் டிரில் முனைகூட மழுங்கும். மறுநாள் வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். தோற்றால் வாரத்துக்கு நான்கு மணி நேரம் கமா போட வேண்டும் என்றதும் நாற்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பரீட்சைக்கு முந்தின நாள்கூட அவர்களை நான் அப்படிப் பார்த்ததில்லை.

புத்தகத்தில் விஷயம் எளிமையாகத்தான் இருந்தது. பித்தளையில் ஒரு கருவி செய்து, அதை எஃகுக்கு மேலே அரை மில்லிமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். நடுவில் உப்புத் தண்ணீர் ஓட வேண்டும். பேட்டரி மின்சாரத்தை, பிளஸ் வயரை எஃகிலும் மைனஸ் வயரைக் கருவியிலும் கொடுத்தால், கருவிக்கு எதிரே இருக்கும் எஃகு மட்டும் கரைந்து தண்ணீரோடு போய்விடும். கருவி என்ன வடிவமோ அதே வடிவத்தில் குழி விழும். கருவி தேயவே தேயாது. எனக்கு இன்றைக்கும் இதை எழுதும்போது உள்ளங்கை குறுகுறுக்கிறது.

வள்ளியூர்க்காரன் அவன் மாமாவின் லாரி பேட்டரிக் கடையிலிருந்து ஒரு பெரிய சார்ஜரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். ஏரல் பையன் ஒரு மூட்டை கல் உப்போடு வந்தான். அவன் ஊரிலிருந்து உப்பளத்துக்குத் தூரமில்லை. தண்ணீர் ஓட்டத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குடமும் ஆஸ்பத்திரி குளுக்கோஸ் டியூபும். அலமாரி மேல் குடம், அதிலிருந்து டியூப், கீழே ஒரு பழைய டிரில்லிங் ஸ்டாண்டில் கருவி, அடியில் ஒரு பிளாஸ்டிக் டப். பார்த்தால் ஏதோ நோயாளிக்கு ரத்தம் ஏற்றுகிற மாதிரி இருந்தது.

ஒர்க்ஷாப் ஃபோர்மனுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். மில் பட்டறையில் முப்பது வருஷம் லேத்து ஓட்டிவிட்டு இங்கே வந்தவர். என்னை மேடம் என்று கூப்பிட மாட்டார், டீச்சர் என்பார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் காது சுடும்.

"டீச்சர், உப்புத்தண்ணி பட்டா இரும்பு துருப்பிடிக்கும். அது எங்க வீட்டுக் கெணத்து வாளிக்கே தெரியும். அதுக்குப் போயி இம்புட்டு வயரா?"

உப்பு எவ்வளவு போடுவது என்பதில் அடுத்த கலாட்டா. நூற்றுக்கு இவ்வளவு என்று புத்தகம் சொல்கிறது. குடத்துத் தண்ணீரை யார் நிறுப்பது? சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஒரு பையன், அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன், எழுந்து, "முட்டையப் போட்டுப் பாப்போம் மேடம்," என்றான். அவன் வீட்டில் விதைநெல் பிரிக்க உப்புத் தண்ணீர் கரைப்பார்களாம். முட்டை தரைதட்டினால் உப்புப் பத்தாது. மிதந்து, மண்டை கொஞ்சம் வெளியே தெரிந்தால் பதம். பதர் மிதக்கும், நல்ல நெல் அடியில் நிற்கும். நான் பதினெட்டு வருஷம் படித்ததில் இப்படி ஒரு கருவியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

முட்டை வந்தது. மிதந்தது. நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி உள்ளே வந்தார்.

"ஏலே! நவராத்திரி நேரத்துல ஒர்க்ஷாப்புக்குள்ள முட்டையா? வெளங்குமாலே இந்த எடம்? தூக்குங்க சவத்த!"

முட்டையை ஒருவன் சட்டைப் பைக்குள் ஒளிக்கப் போய், அது உடைந்து, அந்தக் கதையை விரித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

முதல் சோதனையில் சார்ஜரைப் போட்டதும் குமிழ் பொங்கியது. தண்ணீர் மெல்ல மெல்ல மயில் கழுத்து நிறத்துக்கு மாறியது. எனக்கு ஒரே ஆட்டம். கால் மணி நேரம் கழித்து நிறுத்திப் பார்த்தால், எஃகில் ஒரு கீறல்கூட இல்லை. பித்தளைக் கருவிதான் கறையான் அரித்த மாதிரி பொத்தலாகி நின்றது. வயரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். வயர் மாட்டியவன் ஏரல் பையன். அவனை எழுப்பி நிறுத்தி வைது தீர்த்தேன். மூதி என்று தொடங்கி எனக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னேன். அவன் நோட்டைத் திறந்து காட்டினான். போர்டில் நான் வரைந்த படம். பிளஸ் கருவியில், மைனஸ் எஃகில். என் கையெழுத்தைப் பார்த்து, நாற்பது நோட்டிலும் அப்படியே.

"போர்டுல தப்பு," என்றேன். "எல்லாரும் அழிச்சிட்டு மாத்தி எழுதுங்க. நீ உக்காரு ராசா, ஒம்மேல தப்பில்ல."

அண்ணாச்சி டப்பை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெஷினு வேல செய்யுது டீச்சர். ஆனா வேலைய விட்டுட்டு வேலக்காரனத் திங்கி."

புதிய கருவியைக் கட்டைவிரல் பருமனில் லேத்தில் கடைந்து, முனையைக் கண்ணாடி மாதிரி பளபளக்கத் தேய்த்து முடித்தபோது பூஜை நாள் மதியம் ஆகிவிட்டது. சோதித்துப் பார்க்க நேரமில்லை. மூன்று மணிக்கு மேல் எந்த மெஷினும் ஓடக்கூடாது என்பது அண்ணாச்சியின் சட்டம். ஓடவும் ஓடாது, மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார். பூஜையில் வைத்ததை விஜயதசமி கழித்து எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. ஸ்க்ரூடிரைவரைக்கூட.

அந்தப் பூஜையைப் பார்க்க வேண்டும். லேத்துகளுக்கு வாழைக்கன்று, மாலை, பட்டை பட்டையாக விபூதி. தரையில் பெரிய வாழை இலை விரித்து வெர்னியர், ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றோடும் எங்கள் பித்தளைக் கருவியும் படுத்திருந்தது. பக்கத்தில் சுண்டலும் அவலும் பொரியும். அண்ணாச்சி வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக ஒவ்வொரு மெஷினாகப் போனார். லேத்துக்கு வைத்தார். கிரைண்டருக்கு வைத்தார். வைஸுக்கு வைத்தார். வாசலில் நின்ற ஹெச்.ஓ.டி.யின் ஸ்கூட்டருக்கும், குடிதண்ணீர்த் தொட்டிக்கும்கூட வைத்தார். எங்கள் குடமும் டியூபும் இருந்த இடத்துக்கு வந்ததும் ஒரு கணம் நின்று, தாண்டிப் போய்விட்டார்.

"அண்ணாச்சி, இது விட்டுப்போச்சு," என்றேன்.

"இதுக்கு இருக்கட்டும் டீச்சர். இது மெஷினுன்னு இன்னும் முடிவாகல."

பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் காது, கழுத்து, உச்சந்தலை எல்லாம் சுட்டது. அவர் சூடம் காட்டத் திரும்பியதும், என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்தேன். பூஜைக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்ததால் மெரூன் நிறத்தில் பட்டாணி அளவுக்குப் பெரிய பொட்டு. குனிந்து, இலையில் கிடந்த பித்தளைக் கருவியின் பளபளத்த முனையில், நட்ட நடுவில் ஒட்டி அழுத்தினேன். யாருக்கு வைக்க மனமில்லையோ அவர் இருக்கட்டும், என் மெஷினுக்கு நான் வைப்பேன். அப்படி ஒரு சந்தோஷம். வெறும் நெற்றியோடு சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். போய் மறந்தும்விட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒர்க்ஷாப் திறந்ததும் வள்ளியூர்க்காரன் கருவியை இலையிலிருந்து தொட்டுக் கும்பிட்டு எடுத்து, ஸ்டாண்டில் முனை கீழே பார்க்க மாட்டினான். ஏரல் பையன் வயரை மாட்டிவிட்டு என்னைப் பார்த்தான். நான் போய் மூன்று தடவை சரிபார்த்தேன். ஹெச்.ஓ.டி. பத்து மணிக்கு வந்தார். பையிலிருந்து உடைந்த அரத்துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் பல் தேய்த்து வழவழப்பாக இருந்தது.

"அண்ணாச்சி, மொதல்ல நீங்க டிரில் போட்டுப் பாருங்க," என்றார்.

அண்ணாச்சி போட்டார். கிரீச்சென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, டிரில் முனை கருகிப்போயிற்று. அரத்தில் ஊசிமுனை அளவு பளபளப்பு, அவ்வளவே. "திங்காது சார்," என்றார் அண்ணாச்சி திருப்தியோடு.

அரத்தை டப்பில் வைத்து, டியூபைத் திறந்து, சார்ஜரைப் போட்டோம். சார்ஜரின் முள் எழும்பி முப்பது ஆம்பியர் பக்கத்தில் நின்று நடுங்கியது. குமிழ் கிளம்பியது. ஹெச்.ஓ.டி. ஐந்து நிமிஷம் பார்த்தார். பார்க்க ஒன்றுமில்லை. அழுக்குத் தண்ணீர்தான். பிரின்ஸிபால் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது, போய்விட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். தண்ணீர் முதலில் பச்சையானது, பிறகு கருத்தது, பிறகு புளிக்கரைசல் மாதிரி ஆனது. பித்தளை கரையவில்லை, மயில் கழுத்து நிறம் வரவில்லை. அப்படியென்றால் இரும்புதான் போகிறது! பையன்கள் முறை வைத்துக் குடத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். நான் லேத்துக்கும் டப்புக்கும் நடுவே நடந்தேன். சிரிப்பு வந்தது, பயம் வந்தது, மறுபடி சிரிப்பு வந்தது.

சார்ஜரை அணைத்து, அரத்தை எடுத்து, துணியால் துடைத்தேன். குழி விழுந்திருந்தது! டிரில் கருகிப்போன அதே அரத்தில், கட்டைவிரல் பருமனில், விளிம்பு சுத்தமாக, நகம் இறங்குகிற ஆழத்துக்கு ஒரு வட்டக் குழி. நாற்பது பேரும் போட்ட கூச்சலில் வெளியே வேப்பமரத்துக் காக்காய்கள் பறந்தன. நான் குதித்தேன். புடவையோடு, ஈரத் தரையில்.

பிறகுதான் கண்ணை நிறுத்திப் பார்த்தேன். குழியின் நட்ட நடுவே ஒரு மேடு. பட்டாணி அளவில், உருண்டையாக, மொழுமொழுவென்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததா? கருவியின் முனை சமம், குழியும் சமமாக அல்லவா இருக்க வேண்டும்? ஸ்டாண்டைத் திருப்பிக் கருவியைக் கழற்றினேன். முனையில் மெரூன் நிறத்தில் என் பொட்டு இருந்தது. என் நெற்றி வேர்வையில் அரை நாள் தாங்காத பொட்டு, உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் அசையவே இல்லை. அது மூடிய இடத்தில் மின்சாரம் போகவில்லை. மின்சாரம் போகாத இடத்தில் எஃகு கரையவில்லை.

"ஏலே, மாட்டும்போது நீ இதப் பாக்கலையா?" என்றேன் வள்ளியூர்க்காரனிடம்.

"பாத்தேன் மேடம். பூசையில வச்ச பொட்ட எப்படி எடுக்க? அதான் கும்புட்டுட்டு மாட்டிட்டேன்."

அவனை வைய வாய் வரவில்லை. அந்த நேரம் ஹெச்.ஓ.டி. வாசலில் நின்றார். நான் கருவியை முந்தானைக்குள் மறைத்தேன். மெஷினுக்குப் பொட்டு வைத்த பேராசிரியை என்று ஊரெல்லாம் சிரிக்கும். அரத்தை மட்டும் நீட்டினேன், மேட்டின் மேல் கட்டைவிரலை வைத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று அன்று தெரிந்துகொண்டேன். முடியாது.

அவர் அரத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மலரவில்லை. புருவம் சுருங்கியது. சாப்பாட்டு டப்பா ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நான் போன நேரத்துல அரத்தச் சூடு காட்டி, எளக்கி, டிரில் போட்டியளாம்மா? நடுவுல சரியா விழாம நின்னுட்டோ?"

சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. அப்போது அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அரத்தை ஹெச்.ஓ.டி. கையிலிருந்து எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரலால் குழியைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"சார், சூடு காட்டுனா அரம் நீலம் பாஞ்சிருக்கும். பாயல. அத விடுங்க. சுத்துத ஆயுதம் எதப் போட்டாலும் நடுவுக்கு மேல வந்துதான் எறங்கும், நடுவத் தின்னுட்டுத்தான் ஓரத்துக்குப் போவும். இது ஓரத்தப் பூராத் தின்னுட்டு நடுவ விட்டிருக்கு. டிரில் பண்ணுத வேல இல்ல இது. முப்பது வருசத்துல இப்படி ஒரு குழிய நான் போட்டதில்ல. போடவும் முடியாது."

"அப்போ நடு ஏன் நிக்கி?" என்றார் ஹெச்.ஓ.டி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முந்தானைக்குள்ளிருந்து கருவியை எடுத்து நீட்டினேன்.

அவர் பொட்டைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். கருவியைக் குழியின் மேல் வைத்துப் பார்த்தார். சம்படத்துக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்தது. பிறகு நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார். அன்றும் அதே அட்டையிலிருந்து எடுத்த மெரூன் பொட்டுதான்.

"கருவியில என்ன இருக்கோ அதுதான் எஃகுல விழும்னு புஸ்தகத்துல இருக்கு சார்," என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கருவியில பொட்டு இருந்துட்டு."

அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. லேத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி சிரித்தார். நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, விக்கல் பிடித்துக்கொண்டது.

அரத்துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். பாடம் எனக்கா அவருக்கா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியமில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியட். வகுப்புக்குள் நுழைந்தால், கடைசி பெஞ்சில் வள்ளியூர்க்காரனை நகர்த்திவிட்டு ஹெச்.ஓ.டி. உட்கார்ந்திருந்தார். என் வகுப்பை எடுத்துக்கொள்ள வந்துவிட்டார் என்று நினைத்து, சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"நீங்க எடுங்கம்மா," என்றார். "நேத்து ராத்திரி பூரா அந்தக் குழியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு சந்தேகம், அதக் கேக்கத்தான் வந்தேன். பொட்டுக்குப் பதிலா வார்னிஷ்ல ஒரு கோலம் போட்டு விட்டா, கோலமும் அப்படியே விழுமா? ஒரு இழைக்கும் அடுத்த இழைக்கும் நடுவுல எம்புட்டு நெருக்கமாப் போடலாம்? எப்போ ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும்?"

நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின. பீரோ அளவு, தையல் மெஷின் அளவு என்று பதில் சொன்ன வாய் திறந்தது. புத்தகத்தில் அது இல்லை. எனக்குத் தெரியாது.

"தெரியாது சார்," என்றேன்.

அந்த வகுப்பில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் உடம்பு அத்தனை லேசாகிவிட்டது. சிரிப்பு தானாக வந்தது.

"யாருக்கும் தெரியாது. வாங்க, செஞ்சு பாத்துருவோம்."

முதலில் எழுந்தது ஹெச்.ஓ.டி.தான்.